ரெண்டு மடங்கு

ஜனவரி 12

கடுகின் அம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம். கடுகுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. கரும்பலகை மங்கலாகத் தெரிவதை ரொம்ப நாளாக என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் லென்ஸ் அரைத்துக் கொடுக்கிறவன் பெற்ற பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்றால் கடையில் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். அவளே தேர்ந்தெடுத்த பச்சை ஃபிரேமில் நானே அரைத்து மாட்டிக் கொடுத்தேன். இப்போது அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இவ்ளோ நரையா?" என்று கேட்கிறாள்.

எழுத வந்த விஷயம் வேறு. குடும்ப நீதிமன்றத்தின் பராமரிப்புத் தொகைப் பிரிவிலிருந்து குமாஸ்தா கூப்பிட்டிருந்தார். கடுகுக்காக நீ மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை நீ உள்ளே போன மாதத்திலிருந்து வரவில்லையாம். பாக்கி மேல் பாக்கியாக ஏறிக்கொண்டிருக்கிறதாம். அவள் சிறையில் இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும் சார். அம்மாதான் உள்ள போயிருக்காங்க, உத்தரவு வெளியிலதானே இருக்கு" என்றார்.

அதாவது, நீ சிறைக்குப் போனாலும் தொகை தானாகக் குறையாது. சம்பாத்தியம் நின்றுவிட்டது, குறைத்துக் கொடுங்கள் என்று கட்ட வேண்டியவர்தான் மனு போட வேண்டும். மனு போட்ட நாளிலிருந்துதான் குறைப்பார்கள், அதற்கு முன்னால் ஏறியது ஏறியதுதான். மனுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வீம்பு பிடிக்காதே என்று எழுதத்தான் நினைத்தேன், எழுதினால் வீம்பு பிடிப்பாய் என்று எழுதவில்லை.

கடுகின் அப்பா

ஜனவரி 30

கடுகின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது, பிரித்துப் படிக்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு. இங்கே வருகிற கடிதங்களைப் படிக்கவென்றே ஓர் அதிகாரி அம்மா இருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் நல்லா எழுதுறாரு" என்று சொல்லிக் கொடுத்தார். முன்னாள் வீட்டுக்காரர் என்று திருத்தினேன். அப்போதும் நன்றாகத்தான் எழுதுகிறார் என்றார்.

பச்சை ஃபிரேமா? எனக்குப் பச்சை பிடிக்கும் என்று அவளுக்கு நினைவிருக்கிறது போலிருக்கிறது. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

என்னைச் சலவைக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். ஆள் உயர இயந்திரங்கள். உள்ளே போடுகிற துணி எடை மீறினால் மணி அடிக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அந்த மணி அடித்தாலே கை நின்றுவிடுகிறது. கிரேனில் அதே மாதிரி மணியின் கம்பியை நானே பிடுங்கிவிட்டுத் தூக்கியதால்தானே கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த மனிதருக்குக் கால் போயிற்று. மேஸ்திரி அவசரப்படுத்தினார் என்று கோர்ட்டில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் கம்பியைப் பிடுங்கியது அவர் கை இல்லை.

மனு விஷயம். போட மாட்டேன். அந்தத் தொகையை யாரும் என் தலையில் கட்டவில்லை. விவாகரத்து நடந்த அன்று உங்கள் வக்கீல் கேட்டது நியாயமான தொகைதான். ஆனால் கூடவே ஒன்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? "இந்தம்மா எப்பவும் மேலதான் இருப்பாங்க. பிள்ளைக்காகத் தரையில இருந்ததே இல்ல." நான் கிரேன் ஓட்டுகிறவள், மேலே இருக்காமல் எங்கே இருப்பேன்? என் வக்கீல் காலை மிதிக்க மிதிக்க எழுந்து, "அவர் கேட்டதைப் போல ரெண்டு மடங்கு போட்டுக்கோங்க" என்றேன். நீதிபதியும் போட்டுக்கொண்டார். அதைப் போய் இப்போது குறையுங்கள் என்று கேட்பேனா? பாக்கி ஏறட்டும். வெளியே வந்து ஒரு காசு விடாமல் கட்டுவேன்.

கடுகு என்னைப் பார்க்க வர வேண்டும் என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த உடுப்பில் என்னை அவள் பார்க்கக் கூடாது.

கடுகின் அம்மா

பிப்ரவரி 16

கடுகின் அம்மாவுக்கு,

எதிர்பார்த்த பதில்தான். என் வக்கீல் அப்படிச் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை. வெளியே வந்து அவரிடம் சண்டை போட்டேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொள்கிற நிலையில் இல்லை.

சரி, நீ போட வேண்டாம், எனக்கே அந்தப் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று நேரிலேயே போய்க் குமாஸ்தாவிடம் சொன்னேன். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தேன். அவர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். "இது உங்க பணமே இல்ல சார், பிள்ளையோட பணம். நீங்க எப்படி விட்டுக்கொடுப்பீங்க?" அவர் சொல்வதும் சரிதான். இத்தனை நாள் அது எனக்கு வருகிற பணம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கி வைத்திருப்பவருக்கு எந்த உரிமமும் தர மாட்டார்களாம். உன் கிரேன் உரிமத்தைத் தண்டனைக் காலம் வரைக்கும்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து மறுபடி தேர்வு எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நீ இருக்கிறாய். பாக்கி இருந்தால் தேர்வுக்கே உட்கார முடியாது. உரிமம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் பாக்கி தீராது, பாக்கி தீராவிட்டால் அதற்காகவே மறுபடியும் உள்ளே போடலாமாம். ஒரு காசு விடாமல் கட்டுவேன் என்கிறாயே, எதை வைத்துக் கட்டுவாய்?

எனக்கு நீ பணம் தருவது பெரிதில்லை. நீ வெளியே வந்து வெளியிலேயே இருக்க வேண்டும். கடுகு உன்னை ஒரு தடவை அனுப்பிவிட்டுத் தாங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு மனுத்தாள் வைத்திருக்கிறேன். முதல் தாளை நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

கடுகின் அப்பா

மார்ச் 3

லென்ஸ்காரருக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் தாளையும்தான். கிழிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். உரிமம் போனால் செங்கல் சுமப்பேன். சலவை கற்றுக்கொண்டிருக்கிறேன், அதைச் செய்வேன். உங்களுக்கு ஒன்று புரியவில்லை. விவாகரத்து அன்றைக்குக் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது கடுகு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வீட்டில்தான் இனிமேல் இருக்கப் போகிறாய் என்று அவளிடம் சொல்ல வேண்டியது நான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால், "உனக்கு இனிமே ரெண்டு மடங்கு அம்மா. ஜட்ஜே எழுதிக் கொடுத்துட்டாரு" என்றேன். அவள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு என்னம்மா இது என்று கேட்டார்.

அவளுக்கு நான் கொடுத்துவிட்டு வந்தது அது ஒன்றுதான். இப்போது அதே கோர்ட்டில் போய், ரெண்டு மடங்கு வேண்டாம், ஒரு மடங்கும் வேண்டாம், ஒன்றுமே இல்லை என்று எழுதி வாங்கச் சொல்கிறீர்கள். நாளைக்கு அவள் பெரியவளாகி அந்தத் தாளைப் பார்க்க மாட்டாளா?

என்னால் முடியாது. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கிரேன்காரி

மார்ச் 15

கடுகின் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நான் சுலபத்தில் கோபப்படுகிறவன் இல்லை, உனக்கே தெரியும். கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பேன். இன்றைக்குத் துடைத்தும் தீரவில்லை.

அந்தத் தொகை உன்னால் தூக்க முடியாத பாரம். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. குமாஸ்தா அடித்தார், நான் அடித்தேன். நீ அன்றைக்குச் செய்ததையே இன்றைக்கும் செய்கிறாய். சத்தம் பிடிக்கவில்லை என்று கம்பியைப் பிடுங்குகிறாய். அன்றைக்குக் கீழே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். இப்போது கீழே நிற்பது கடுகு.

கடுகின் அப்பா

ஏப்ரல் 20

கடுகின் அம்மாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன கடிதம் உனக்கு வந்து சேராமலே போயிருக்கக் கூடாதா என்று ஆசைப்படுகிறேன். வந்திருக்கும். அதிகாரி அம்மா படித்திருப்பார், அவரும் என்னைத் திட்டியிருப்பார்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. தபால் பெட்டியில் போட்ட கையோடு எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், என் கை நுழையவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று கையை விட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்துத் தெருவே நின்றுவிட்டது. சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெறவில்லை. சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ மனு போட்டாலும் போடாவிட்டாலும் கடிதம் எழுது. கடுகு தபால்காரரைக் கண்டால் கீழ்ப்படி வரைக்கும் ஓடுகிறாள். உன் கையெழுத்து இல்லாத உறைகளை என்னிடம் கொடுக்கக்கூட மாட்டேன் என்கிறாள், மின்சாரப் பில் எல்லாம் செருப்புக்கடியில் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேலை செய்த கட்டடம் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்த முனையில் நாங்கள் நிற்போமே, நீ கேபின் விளக்கை இரண்டு தடவை அணைத்து ஏற்றுவாயே. இப்போது அங்கே வேறு யாரோ ஓட்டுகிறார். கடுகு இன்னமும் அந்த முனையில் நிற்கிறாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். நேற்று அவளாகவே சொன்னாள். "முன்னாடி மேல ஏதோ புள்ளிதான் தெரியும். அதை அம்மான்னு நெனச்சுக்குவேன். இப்ப நல்லா தெரியுது, மீசை வெச்ச மாமா."

அவள் புத்தகப் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். நடந்தோம்.

கடுகின் அப்பா

மே 6

கடுகின் அப்பாவுக்கு,

மார்ச் கடிதம் வந்தது. அதிகாரி அம்மா அதைக் கொடுக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தாராம், பிறகு மனசு கேட்கவில்லையாம். உங்களைத் திட்டவில்லை. "கடுமையா எழுதிட்டாரு. ஆனா தப்பா எழுதல" என்றார். அவரோடும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் கோபம்தான். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

போன வாரம் சலவைக் கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. ஒரே தடவையில் முடித்துவிட்டால் சீக்கிரம் அறைக்குப் போகலாம் என்று போர்வைகளை அமுக்கி அமுக்கித் திணித்தாள். மணி அடித்தது. அவள் ஒரு துண்டை எடுத்து மணியின் மேல் சுற்றிக் கட்டினாள். நான் போட்ட கூச்சலில் காவலர் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பெண் நடுங்கிப்போய், "அக்கா, துணிதானே, யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். துண்டை அவிழ்த்தேன். பாதிப் போர்வைகளை வெளியே எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாதியை வெளியே எடுத்தால் இயந்திரம் ஓடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது, அந்த மாதங்களின் பாக்கி என் வீம்புக்கான அபராதமாக இருக்கட்டும். அதை வெளியே வந்து எந்த வேலையாவது செய்து கட்டித் தீர்த்துவிட்டுத்தான் உரிமத் தேர்வுக்கு உட்காருவேன்.

மனுத்தாள் இங்கேயே எழுத்தர் அறையில் கிடைக்கிறது. அதிகாரி அம்மாவிடம் மறுபடி பேசி, வாங்கி, நேற்றே போட்டுவிட்டேன். தேதி முத்திரை குத்தியாயிற்று. விசாரணை அன்று என்னை இங்கேயே ஒரு அறையில் வீடியோத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்களாம். நீங்கள் அங்கே கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடுகுக்கு இது தெரியக் கூடாது. தெரிய வேண்டிய வயசில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மீசை மாமா விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்.

கடுகின் அம்மா

ஜூன் 24

கடுகின் அம்மாவுக்கு,

உத்தரவின் நகல் உனக்கும் வரும். அதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று கோர்ட் வாசலில் இருக்கிற தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா அவர்களுடையது, கயிறு கட்டியிருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

முதலில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். கடுகை அழைத்து வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து காலையிலேயே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விட்டுவிட்டு வர யாரும் இல்லை. வெளியே வராந்தாவில் உட்கார வைத்து, உள்ளே வரக் கூடாது, இது கடை வேலை என்று பொய் சொன்னேன். கோர்ட்டில் என்ன கடை வேலை என்று கேட்டாள். நீதிபதிக்குக் கண்ணாடி அளவெடுக்கப் போகிறேன் என்றேன். நம்பியது போல் தலையாட்டினாள்.

திரையில் நீ வந்தாய். இளைத்திருக்கிறாய். உனக்கு நீதிபதியின் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பெஞ்சை நீ பார்த்திருக்க முடியாது. உன் பெயரைக் கேட்டதும் நீ "நான்தான் ஐயா" என்றாய் இல்லையா, அந்தக் குரல் வராந்தா வரைக்கும் போய்விட்டது. திரும்பிப் பார்க்கிறேன், கடுகு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே அனுப்பியிருக்க வேண்டும். என் சட்டைக் கையை அப்படிப் பிடித்திருந்தாள், அனுப்ப மனசு வரவில்லை.

குமாஸ்தா எழுந்து, வருமானம் இல்லாததால் தண்டனைக் காலம் முடியும் வரை பூஜ்யம் என்று போடலாம் என்றார். நீதிபதி உன்னிடம் கேட்டார், "பூஜ்யம்னு போடவும் விதியில இடம் இருக்கு. இல்லேன்னா உங்க சலவைக் கூலியில நாலுல ஒரு பங்கு பிடிக்கச் சொல்லலாம். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். ஆகவே நீ அதைச் சொன்னபோது உன் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றைக்குச் சொன்ன அதே குரல்.

"அதைப் போல ரெண்டு மடங்கு போட்டுக்கோங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். மீதிப் பாதிக் கூலி உனக்குப் போதுமா, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். போதும், கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன், சலவைக் கூடத்தில் இருப்பதால் சோப்புச் செலவுகூடக் கிடையாது என்றாய். அவர் எழுதிக்கொண்டார். உன் திரையை அணைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கடுகு சிரித்தாள். அடக்கிக்கொண்டு சிரிக்கவில்லை, கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி. நீதிபதி நிமிர்ந்து, யாரது என்றார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்பதற்குள் அவளே பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"நான்தான். அந்த ரெண்டு மடங்கு எனக்குத்தான்."

வெளியே வந்த பிறகு, அது எவ்வளவு பணம் என்று அவள் கேட்கவே இல்லை. ஜட்ஜுக்கு எந்த ஃபிரேம் போடப் போறீங்க என்று மட்டும் கேட்டாள். இப்போது ஸ்டாம்பை நக்கி ஒட்டுவதற்காக என் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறாள். உன்னைப் பார்க்க எப்போது போகலாம் என்றும் கேட்கிறாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

கடுகின் அப்பா

ஜூலை 2

கடுகின் அப்பாவுக்கு,

கடிதத்தைக் கொடுக்கும்போது அதிகாரி அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சளி என்றார். எனக்கும் அதே சளிதான்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனி வரிசை, காலையிலேயே வந்தால் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். இந்த உடுப்பை நானே துவைத்துத் தேய்த்து வைத்துவிட்டேன். அந்தப் புதுப் பெண் காலரைச் சரியாக மடித்துக் கொடுத்தாள்.

கூடம் பெரியது. எல்லோரும் ஒரே நிற உடுப்பில் இருப்போம், கடுகு மிரண்டுவிடப் போகிறாள். கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக் கூட்டி வாருங்கள். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்துத் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் தரையில்தான் நிற்பேன்.

கடுகின் அம்மா